வெள்ளை வளையம்

என்னிடம் ஒரு மாரிஸ் மைனர் இருக்கிறது. 1954-ம் வருஷத்து வண்டி. அப்பா அதை 1962-ல் செகண்ட்ஹாண்டில் வாங்கினார். புது டயர் போடவேண்டும் என்று மெக்கானிக் சொன்னதுமே, போட்டால் வெள்ளை ஓரம் வைத்த டயர்தான் என்று தீர்மானித்துவிட்டேன். காரணம், எங்கள் கூடத்தில் தொங்கும் போட்டோ. 1964-ல் அத்தை கல்யாணத்தின்போது எடுத்தது. மாலை சூடிய வண்டி, பக்கத்தில் அப்பா, சக்கரங்களில் பளிச்சென்று வெள்ளை வளையம்!

டயர் என்றால் கறுப்புதான் இயற்கை என்று நினைக்கிறோம். ஆதியில் ரப்பரோடு துத்தநாக ஆக்ஸைடு கலந்ததால் டயரே வெள்ளையாகத்தான் இருந்தது. கார்பன் பிளாக் என்னும் மசியைச் சேர்த்தால் சீக்கிரம் தேயாது என்று பிற்பாடு கண்டுகொண்டார்கள். தரையில் படும் பாகத்துக்கு மட்டும் மசி சேர்த்து, பக்கங்களைச் சிக்கனமாக வெள்ளையாகவே விட்டார்கள். ஆக, வெள்ளை ஓரம் முதலில் செட்டுக்காரர் சமாசாரம். முழுக் கறுப்புதான் கௌரவம். 1930-களில் அமெரிக்காவில் நாகரிகம் தலைகீழாயிற்று. வெள்ளை ஓரம் பணக்காரக் களை ஆயிற்று. 1962 வாக்கில் அதுவும் ஓர் அங்குலக் கரையாகச் சுருங்கிவிட்டது.

கடைக்காரர் பொறுமைசாலி. “பட்டன் நன்றாயிருக்கிறது, ஸார். ஆனால் பக்கமெல்லாம் வெடிப்பு. ரப்பருக்கும் வயசு உண்டு” என்று பழைய டயரில் பொறித்திருந்த கடைசி நான்கு இலக்கங்களைக் காட்டினார். 0805. அதாவது, 2005-ம் வருஷம் எட்டாவது வாரத்தில் பிறந்தது! 14 அங்குலச் சக்கரத்துக்கு வெள்ளை ஓரம் வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்து தருவிக்கவேண்டுமாம். விலை மூன்று மடங்கு. மலிவாக வேண்டுமென்றால், டயருக்கும் ரிம்முக்கும் நடுவே செருகும் வெள்ளை ரப்பர் வளையம் உண்டு. “விற்பேன், ஸார்; சிபார்சு செய்யமாட்டேன். ஓட ஓட உராய்ந்து டயரை அறுத்துவிடும்” என்றார்.

வீட்டில் விலையைச் சொன்னேன். அம்மாவுக்கு வயது 84. போட்டோவை நிமிர்ந்து பார்த்தாள்.

“அது டயரின் வெள்ளை இல்லையடா, சுண்ணாம்பு. மாப்பிள்ளை அழைப்புக்குப் பெரிய கார் வேண்டும் என்றார்கள். வாடகைக்குக் கையில் காசில்லை. முதல் நாள் ராத்திரி அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு உன் அப்பாவே சக்கரத்துக்கு வெள்ளையடித்தார். ஊர்வலம் பாதி வழி போகும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லாம் பாலாக வழிந்துவிட்டது. சம்பந்தி சிரித்தார். உன் அப்பாவும் கூடவே சிரித்தார். ராத்திரி மட்டும் சாப்பிடவில்லை.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவால் முடியாததை நான் வாங்கிப் போடுவதா? போட்டு யாருக்குக் காட்டுவது? சிரித்த சம்பந்தி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது.

மறுநாள் கறுப்பு டயராகவே ஐந்து வாங்கினேன். ஐந்தாவது ஸ்டெப்னிக்கு. அப்பா காலத்தில் ஸ்டெப்னி, மற்ற நான்கைக் காட்டிலும் மொட்டையாக இருக்கும்.

அம்மா வாசலுக்கு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரு டயரைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

“அவர் இருந்தாலும் இதைத்தான் வாங்கியிருப்பார்” என்றாள். சற்றுப் பொறுத்து, “ஆனால் கடையில் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்” என்றாள்.