சேட்டக் டிரம்மும் ஒரு புல்லரும்

பழைய பஜாஜ் சேட்டக் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், அதன் பின் பிரேக் டிரம் ஒருமுறை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. மோட்டார் சைக்கிள் மாதிரி அதற்குச் செயின் கிடையாது. கியர் பாக்ஸிலிருந்து வரும் அச்சின் மேலேயே பின் சக்கரம் உட்கார்ந்திருக்கும். அந்த அச்சில் நீளவாக்கில் பல் வெட்டியிருப்பார்கள், டிரம்மின் நடுத் துளையிலும் அதே போலப் பல். ஸ்ப்ளைன் என்று பெயர். நடுவில் தண்ணீர் போய்த் துரு ஏறிவிட்டால், இரண்டும் பற்றவைத்தது போல ஒன்றாகிவிடும்.

என் அண்ணாவின் சேட்டக் அப்படித்தான் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் பணம் கட்டிப் பதிவு செய்து, வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் அது என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். 2014-இல் அவர் போய்விட்டார். அடுத்த வருடம் டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டை வீட்டில் சீட் மட்டத்துக்குத் தண்ணீர். வண்டி இரண்டு நாள் முழுகிக் கிடந்தது. பிறகு மாடிப்படிக்குக் கீழே, பழைய போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு அப்படியே நின்றது.

சென்ற வருடம் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தார்கள். சாமான் எடுக்க வந்த பழைய இரும்புக்காரர் வண்டியைத் தள்ளிப் பார்த்தார். பின் சக்கரம் அசையவில்லை. "இங்கேயே வெட்டி எடுத்துட்டுப் போயிடறேம்மா" என்றார். அண்ணி அவரை அனுப்பிவிட்டு எனக்கு போன் செய்தார்.

"தம்பி, யார் எடுத்துட்டுப் போனாலும் சரி. ஆனா அவர் வண்டியைத் துண்டு போட்டு மூட்டை கட்டறதை என்னால பார்க்க முடியாது. உருட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான்."

வீட்டைக் காலி செய்யப் பத்து நாள் இருந்தது.

தெருமுனையில் இருந்த ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். பெரிய சுத்தியலோடு உட்கார்ந்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். நான் ஒன்றும் மெக்கானிக் இல்லை, முப்பத்தைந்து வருடம் பேரேடு எழுதிய ஆள்தான். ஆனால் சேட்டக்கில் டிரம்மை அடிப்பது கியர் பாக்ஸை அடிப்பதற்குச் சமம். அடி நேராக அச்சுக்கும் பேரிங்குக்கும் போகும். டிரம்மோ வார்ப்பு. ஓரத்தில் விரிசல் விட்டால் முடிந்தது கதை. கடையில் கிடைக்கும் மூன்று கால் புல்லரும் சரிப்படவில்லை. டிரம்மின் விளிம்பில் கால் கவ்வ இடமில்லை, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அதனால் இந்த டிரம்முக்கென்றே ஒன்று செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். ரிம்மைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகள் டிரம்மிலேயே இருக்கின்றன அல்லவா? அவற்றைப் பிடித்து இழுத்தால் என்ன?

ரிம்மைக் கழற்றி, ஒரு செய்தித்தாளை ஸ்டட்டுகளின் மேல் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினேன். துளைகளும் நடு மையமும் தாளில் பதிந்தன. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனேன். வண்டிகளைக் கழற்றி விற்கும் அந்தச் சந்துகளில் கிடைக்காத இரும்பு கிடையாது. 10 மி.மீ. தடிமனில் ஒரு தட்டு, 16 மி.மீ. போல்ட் ஒன்று, அதற்கு நட்டு, ஒரு பழைய பேரிங். பக்கத்து லேத் பட்டறையில் இருந்த பையன் தாளைப் பார்த்துத் துளை போட்டு, நடுவில் நட்டை வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தான். "என்ன சார், ரிட்டயர் ஆனப்புறம் தொழில் கத்துக்கறீங்களா?" என்று கேட்டான். டீக்கும் சேர்த்துக் கொடுத்தேன்.

பேரிங்கை வாங்கியது உள்ளே இருக்கும் குண்டுக்காக. அச்சின் நுனியில், கடைசல் பிடித்தபோது விழுந்த சின்னக் குழி ஒன்று இருக்கும். அதில் கொஞ்சம் கிரீஸ் தடவிக் குண்டை உட்கார வைத்தால், போல்ட்டின் நுனி நகராமல் மையத்திலேயே அழுத்தும்.

ஸ்ப்ளைனுக்கு இரண்டு ராத்திரி மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டேன். பிரேக் கேபிளைக் கழற்றி, லீவரைப் பின்னுக்குத் தட்டி விட்டேன். காட்டர் பின்னை எடுத்து நடு நட்டைத் தளர்த்தினேன். சக்கரம் இறுகியிருந்ததில் கிடைத்த ஒரே நன்மை, நட்டைத் திருப்பும்போது யாரும் பிரேக்கை மிதித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. நட்டை முழுவதும் எடுக்கக் கூடாது. சில மரை பிடித்தபடி விட்டால்தான் டிரம் திடீரென்று தெறிக்காது, அச்சின் மரையும் நசுங்காது.

தட்டை மாட்டி, ஸ்டட் நட்டுகளைச் சமமாக இறுக்கி, நடு போல்ட்டைத் திருப்பினேன். ஒரு முழுச் சுற்றுக்கு 2 மி.மீ. தான் முன்னால் போகும். ஒரு அடி ஸ்பேனரில் 20 கிலோ கனத்துக்கு அழுத்தினால், போல்ட்டின் நுனியில் ஒரு டன்னுக்கு மேல் விழும். கால் சுற்றுத் திருப்புவது, போல்ட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு, பத்து நிமிடம் சும்மா இருப்பது. மறுபடி கால் சுற்று. அண்ணி முதலில் காபி கொண்டுவந்தார், பிறகு நாற்காலியே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணா இந்த வண்டியில் அவரைத் திருப்போரூருக்குக் கூட்டிக்கொண்டு போனதை, வழியில் பிளக்கைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கல்யாணம் ஆகாத நாளிலிருந்து அந்த வீட்டுக்குப் போகிறவன். அதையெல்லாம் அன்றைக்குத்தான் கேட்டேன்.

மதியம் மூன்று மணிக்கு மேல், துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். டிரம் ஒரு விரற்கடை வெளியே வந்திருந்தது. "உடைஞ்சு போச்சா?" என்று அண்ணி எழுந்துவிட்டார்.

உள்ளே ஒரு பிரேக் ஷூவின் லைனிங் பெயர்ந்து டிரம்மோடு ஒட்டிக் கிடந்தது. நிறையத் தூசி. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, வாயால் ஊதவே கூடாது. மூக்கைக் கட்டிக்கொண்டு ஈரத் துணியால் துடைத்தேன். புது ஷூ போட்டு, ஸ்ப்ளைனில் மெல்லிசாக கிரீஸ் தடவி மாட்டிவிட்டுச் சுற்றினால், சக்கரம் தானாக ஏழெட்டுச் சுற்று போனது.

வண்டியை வாங்கிக்கொண்டது இருபத்திரண்டு வயதுப் பையன். பழைய ஸ்கூட்டர்களைச் சரிசெய்து ஓட்டுவது அவனுக்குப் பொழுதுபோக்காம். எஞ்சினை அவன் பார்த்துக்கொள்வான். ஆர்.சி. புத்தகத்தோடு அந்தப் போர்வையையும் அண்ணி மடித்துக் கொடுத்தார். அவன் கிளட்ச்சைப் பிடித்து உருட்டிக்கொண்டு போக, தெரு திரும்பும் வரை வாசலிலேயே நின்றார்.

தட்டையும் தனக்குக் கொடுக்கும்படி அவன் கேட்டான். போய்ச் செய்துகொள் என்று செய்தித்தாளை மட்டும் கொடுத்தேன்.