நானூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்

உங்க பர்ஸ்ல இருக்கற மாதிரி ஒரு ஒத்த ரூபாய் காசை, நானூறு ரூபாய் கொடுத்து வாங்குவீங்களா? நான் வாங்கினேன்.

போன வருஷம் கோயம்புத்தூர்ல ஒரு நாணயக் கண்காட்சி. ஒரு மேசையில கண்ணாடிக்கு அடியில சாதாரண ஸ்டீல் ஒரு ரூபாய் இருந்துச்சு. ஆனா மயில் கழுத்து நிறம். நடுவுல நீலம், சுத்தி ஊதா, விளிம்புல தங்க மஞ்சள். "டோன்டு காயினுங்க தம்பி. இயற்கையா வந்த கலரு, ஆயிரத்துல ஒண்ணுதான் இப்படி அமையும்"னு விக்கறவர் சொன்னார். அறுநூறு கேட்டார், நானூறுக்குப் படிஞ்சுது. அந்த மாசம் என் கையில மிச்சம் இருந்ததே அவ்வளவுதான்.

ஹாஸ்டலுக்கு வந்து ரூம்மேட்கிட்ட காட்டினேன். அவன் ஒரு பார்வைதான் பார்த்தான். "டேய், இது நம்ம வெல்டிங் ஷாப் கலருடா."

நம்பல. மறுநாள் ஒர்க்‌ஷாப்ல ஒரு எஸ்.எஸ். வாஷரை எடுத்து கேஸ் டார்ச்ல காட்டினோம். முதல்ல வெளிர் மஞ்சள் வந்துச்சு. அப்புறம் பழுப்பு, ஊதா, கடைசியா நீலம். என் நானூறு ரூபாய் அப்படியே கண்ணு முன்னாடி இருந்துச்சு, ஒரு வாஷர் விலையில.

விஷயம் எளிமையானது. இப்போ நாம செலவு பண்ற ஸ்டீல் காசுல 83 சதவீதம் இரும்பு, 17 சதவீதம் குரோமியம். குரோமியம் ஒரு மெல்லிய ஆக்சைடு படலமா மேல உக்காந்து காசைத் துருப்பிடிக்காம காப்பாத்துது. சூடு பண்ணா அந்தப் படலம் தடிமனாகும். மழை பெஞ்ச ரோட்டுல பெட்ரோல் சிந்தினா வானவில் தெரியும்ல, அதே கதைதான். படலத்தோட மேல்பக்கமும் கீழ்பக்கமும் பட்டுத் திரும்பற ஒளி ஒண்ணோட ஒண்ணு மோதி, சில நிறம் அழியுது, சில நிறம் தூக்கலாத் தெரியுது. சுமார் 300 டிகிரியில மஞ்சள், 600ஐ நெருங்கும்போது நீலம். நம்ம பாக்கெட்ல அந்தச் சூடு வராது. அதனால ஸ்டீல் காசுல மயில் நிறம் இருந்தா, அது நெருப்பைப் பார்த்த காசுன்னு சந்தேகப்படலாம்.

அப்போ எல்லா டோனிங்கும் பொய்யா? இல்ல. வெள்ளியில அது நிஜம். காத்துல, காகிதத்துல, துணியில இருக்கற கந்தகம் வெள்ளியோட மெதுவா சேர்ந்து சில்வர் சல்பைடு படலமா படியும். அங்கயும் அதே வரிசைதான், முதல்ல மஞ்சள். ஆனா அதுக்கு நிமிஷம் பத்தாது, வருஷக்கணக்கு ஆகும். அமெரிக்காவுல 1878ல இருந்து அடிச்ச மோர்கன் டாலர்கள் பல பத்தாண்டு துணிப்பையிலயே கஜானாவுல கிடந்துச்சு. அதுல துணியை ஒட்டிக் கிடந்த சில காசுக வானவில்லா மாறி, இன்னிக்கு சாதாரண மோர்கனைவிடப் பல மடங்கு விலை போகுது. போலியும் கூடவே வந்துருச்சு. அதனால பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி தரம் பார்க்கற நிறுவனங்கள், நிறத்துல சந்தேகம் வந்தா அந்தக் காசுக்கு வழக்கமான மதிப்பெண்ணே தர்றதில்ல.

நம்ம ரூபாயோ 1940லயே பாதி வெள்ளியாச்சு. 1947ல வெள்ளியே போய் நிக்கல் ஆச்சு. அப்புறம் செம்பு-நிக்கல், இப்போ ஸ்டீல். அதுக்கு நடுவுல சிறப்பு வெளியீடா மட்டும் சில வெள்ளிக்காசு வந்துச்சு. அதுல ஒண்ணு காந்தி நூற்றாண்டுக்கு 1969ல வந்த பத்து ரூபாய். 15 கிராம், அதுல 80 சதவீதம் வெள்ளி.

அந்தக் காசு எங்க அப்புச்சிகிட்ட இருந்துச்சு. இனிமேதான் எனக்குச் சொல்லக் கஷ்டமா இருக்கற பகுதி.

லாக்டவுன் சமயம் நான் அன்னூர் பக்கம் அப்புச்சி வீட்டுல இருந்தேன். பருத்தி வித்த பணத்துல வாங்கி, பழைய நியூஸ்பேப்பர்ல மடிச்சு, தகரப்பெட்டியில அம்பது வருஷமா வெச்சிருந்த காசை எடுத்துக் காட்டினார். காந்தி முகத்தைச் சுத்தி நீலமும் செம்பழுப்புமா இருந்துச்சு. எனக்கு அது அழுக்காத் தெரிஞ்சுது. அவர் மத்தியானம் தூங்கறப்போ புளி போட்டுத் தேய்ச்சு, அப்புறம் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சேன். பளபளன்னு ஆச்சு. எழுந்ததும் பெருமையா நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது கண்ணு"ன்னார். வேற எதுவும் சொல்லல. மறுபடி அதே பேப்பர்லயே மடிச்சு வெச்சார்.

கணக்குப் பார்த்தா, அம்பது வருஷம் தானா வந்த நிறத்தைப் புளி போட்டுக் கழுவினவனும் நான்தான். ஒரு நிமிஷத்துல டார்ச்ல வந்த நிறத்துக்கு நானூறு ரூபாய் கொடுத்தவனும் நான்தான்.

சரி, டோன் ஆன புதுக் காசுகளைச் சேர்க்கலாமா? வெள்ளலூர்னா நமக்கு இப்போ குப்பைக் கிடங்குதான் ஞாபகம் வரும். 1842ல அங்க 522 ரோமானிய வெள்ளிக்காசு ஒரே புதையலாக் கிடைச்சுது, பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசு. இன்னிக்கும் அதைப்பத்திப் பேசறாங்கன்னா காரணம் காசோட அழகு இல்ல. எங்க கிடைச்சுது, எத்தனை கிடைச்சுது, யார் முத்திரைன்னு எழுதி வெச்சாங்க. என் மயில் கழுத்துக் காசுக்கு அப்படி ஒரு வரிகூட இல்ல. எங்க இருந்துச்சு, எப்படி நிறம் மாறுச்சு, யாருக்கும் தெரியாது.

அதனால என் பதில் இதுதான். சில்லறையில அழகா நிறம் மாறின காசு வந்தா எடுத்து வைங்க, அதோட முகமதிப்பு மட்டும்தான் செலவு. நிறத்துக்காக மட்டும் அதிகப் பணம் கொடுக்காதீங்க. வாங்கியே ஆகணும்னா ஒரு லென்ஸ் எடுத்துட்டுப் போங்க. தேஞ்சு கீறல் விழுந்த காசுல, கீறலுக்குள்ளயும் அதே நிறம் பளிச்சுன்னு இருந்தா, கீறலுக்கு அப்புறம்தான் நிறம் வந்திருக்கு. என் காசுல அப்படித்தான் இருந்துச்சு. பி.வி.சி. கவர்ல போடாதீங்க, பச்சையாப் பிசுபிசுக்கும். முக்கியமா, உங்க வீட்டுப் பெரியவங்க வெச்சிருக்கற காசைக் கழுவாதீங்க. எப்போ, எங்க வாங்கினீங்கன்னு கேட்டு ஒரு துண்டுச்சீட்டுல எழுதி வைங்க.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அப்புச்சிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ஏமாந்த கதை, வாஷர் கதை, புளி கதை. சிரிச்சார். "அதுக்கென்ன கண்ணு, மறுக்காவும் நிறம் ஏறும். நான் பாக்க மாட்டேன், நீ பாப்ப."

பெட்டியைத் திறந்து காசை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். தேய்ச்ச கோடுக அப்படியே இருக்கு, அது போகாது. ஆனா விளிம்புல, காந்திக்குப் பின்னாடி, லேசா மஞ்சள்.