மீண்டும் கண்ட ‘கொஸ்மொஸ்’

விழா மலரில் என்னென்ன கட்டுரைகள் இடம்பெறும் என்பதை வாசகர்கள் முன்னரே அறிவர். பழைய அதிபர்களின் பெருமை, விடுதிச் சாலையின் சாம்பார், துடுப்பாட்டப் போட்டியிற் கிடைத்த வெற்றி, கிடைக்காது போன வெற்றிக்கான காரணம் ஆகியவை யாவும் தவறாது இருக்கும். அவற்றை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். ஆதலின், மலராசிரியர் கேட்டுக்கொண்டபோது, யாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். பழைய தொலைக்காட்சித் தொடர்களை மீண்டும் பார்ப்பதால் விளையும் பயன் யாது என்பதே அப்பொருள்.

கல்லூரி மலரில் தொலைக்காட்சிக்கு என்ன வேலை என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். படித்த நூலை மீண்டும் படிப்பவனை நாம் கற்றோன் என்கின்றோம். பார்த்த தொடரை மீண்டும் பார்ப்பவனையோ பொழுதைக் கொல்பவன் என்கின்றோம். இவ்வேற்றுமைக்கு ஒரு காரணம் உண்டு. நெடுங்காலம் நூல் அலுமாரியில் இருந்தது; தொலைக்காட்சிப் படமோ ஓடி மறைந்தது. இலங்கையில் 1979 ஆம் ஆண்டிலே தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. 1982 ஆம் ஆண்டில் ரூபவாகினி வந்தது. அந்நாள்களில் ஒரு நிகழ்ச்சியைத் தவறவிட்டவன் தவறவிட்டவனே. இன்று நிலைமை அவ்வாறன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய தொடரையும் வேண்டிய பொழுதில் எடுத்துப் பார்க்கலாம், நிறுத்தலாம், திருப்பிப் போடலாம். நூலுக்கு இருந்த அலுமாரி இப்பொழுது படத்துக்கும் கிடைத்துவிட்டது. எனவே நூலைப் படிக்கும் கவனத்தோடு அதனைப் பார்க்கவும் நாம் பழக வேண்டும்.

யாம் மீண்டும் பார்த்த தொடர் ‘கொஸ்மொஸ்’ என்பது. அமெரிக்க வானியல் அறிஞர் கார்ல் சேகன் தோன்றி நடத்திய பதின்மூன்று பகுதிகள் கொண்ட இத்தொடர் 1980 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 28 ஆம் திகதி அந்நாட்டில் முதன்முதல் ஒளிபரப்பாயிற்று. அவரோடு ஆன் ட்ரூயனும் ஸ்ரீவன் சோற்றரும் சேர்ந்து அதனை எழுதினர். விண்மீன்களின் பிறப்பும் இறப்பும், உயிரின் தோற்றம், செவ்வாய்க் கிரகம், கிரேக்க அறிஞரின் ஆராய்ச்சி, அணுவாயுதப் போரின் அச்சம் எனப் பலவும் அதனுள் அடங்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் இதன் சில பகுதிகள் எமக்குக் காணக் கிடைத்தன. இலண்டனிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த வீடியோக் கசெற்றில் அவை பதிவாகியிருந்தன. அயல் வீடொன்றில் ‘டெக்’ இருந்தது. பாயில் அமர்ந்தவர்களில் ஆங்கிலம் நன்கு விளங்கியவர் இருவரே. அவர்கள் சொல்லச் சொல்ல மற்றையோர் கேட்டனர். பின்னர் 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலத்தில் கசெற்றைப் பற்றி நினைப்பார் யார்? இடப்பெயர்வில் கசெற்றும் எங்கோ போயிற்று. பதின்மூன்றில் மூன்றை மட்டும் கண்டு, மற்றைப் பத்தையும் காணாமலே முதுமையை எய்தினோம்.

சென்ற ஆண்டு அக்குறை நீங்கியது. கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் வகுப்புத் தோழர் மூவரும் யாமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். சனிக்கிழமைதோறும் அவரவர் வீட்டில் ஒரு பகுதியைப் பார்ப்பது, மறுநாள் தொலைபேசியிற் கூடிப் பேசுவது என்பதே அது. பதின்மூன்று வாரங்கள் ஒழுங்காக நடந்தன. பள்ளி நாள்களில் எவ்வொழுங்குக்கும் அடங்காத எம் கூட்டம் இதற்கு அடங்கியது வியப்பே.

முதலில் எமக்குப் புலப்பட்டது தொடரின் வயது. சேகன் அமர்ந்து செல்லும் கற்பனை விண்கலம் இன்றைய சிறுவருக்கு நகைப்பூட்டும். ஆயின் வயது என்பது குறை மட்டுமன்று. ஏழாம் பகுதியில் அவர் தாம் பிறந்து வளர்ந்த புறூக்ளின் நகரப் பகுதியின் வகுப்பறையொன்றுக்குச் சென்று, சிறுவர்களுக்குக் கிரகங்களின் படங்களைப் பங்கிட்டுக் கொடுக்கின்றார். பிற விண்மீன்களைச் சுற்றியும் கிரகங்கள் உண்டா என்பதை அச்சிறுவர்கள் வளர்ந்து பெரியவராவதற்குள் உலகம் அறிந்துவிடும் என நம்பிக்கை கூறுகின்றார். 1995 ஆம் ஆண்டில், எம் சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றைச் சுற்றும் கிரகம் கண்டுபிடிக்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டில் அவ்வாறு உறுதி செய்யப்பட்ட பிற விண்மீன்களின் கிரகங்கள் 6,000 என்னும் தொகையை எட்டின. ஐந்தாம் பகுதியில், செவ்வாயின் நிலத்தில் ஊர்ந்து திரியும் ஒரு வண்டி வேண்டும் என அவாவுகின்றார். அவர் 1996 ஆம் ஆண்டு டிசெம்பரில் மறைந்தார். அடுத்த ஆண்டு யூலையில் ‘சோஜர்னர்’ என்னும் சிறு வண்டி செவ்வாயில் ஊர்ந்தது. அதனைச் சுமந்து சென்று இறங்கிய கலத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. இச்செய்திகளை அறிந்த பின் அப்பகுதிகளைக் காணும்போது உண்டாகும் உணர்ச்சி, முதன்முறை பார்த்தவர் எவருக்கும் உண்டாகியிராது. அவர் எதிர்காலமென நோக்கியதை நாம் கடந்தகாலமென நோக்குகின்றோம். மீளப் பார்த்தலின் தனி இன்பம் இதுவே.

ஆயினும் யாம் சொல்ல வந்தது இன்பத்தைப் பற்றி மட்டுமன்று. தொடரில் இரண்டு இடங்கள் எம்மவர் நெஞ்சை நேரே தொடுவன. அவ்விரண்டு இடங்களிலுமே நாம் மிக்க நிதானத்தோடு நடக்கவேண்டியுள்ளது.

ஒன்று, பத்தாம் பகுதி. அதில் சேகன் தமிழ்நாட்டுக்கு வருகின்றார். பொங்கல் விழாவைக் காட்டுகின்றார். சோழர் காலத்து நடராசர் திருமேனியைக் காட்டுகின்றார். அண்டம் எண்ணிறந்த முறை தோன்றி ஒடுங்கும் என்னும் கருத்தை இந்து சமயம் கொண்டிருப்பதை வியந்து பேசுகின்றார். பிரமனின் ஒரு பகலும் ஓரிரவும் சேர்ந்து 864 கோடி ஆண்டுகள் என்னும் கணக்கையும் எடுத்துரைக்கின்றார். இச்சில நிமிடங்களை மட்டும் வெட்டியெடுத்த துண்டு, எம் பழைய மாணவர் பலருடைய கைத்தொலைபேசிகளில் ஆண்டுதோறும் தைப்பொங்கலன்று வலம் வருகின்றது. “அன்றே சொன்னார் எம் முன்னோர், இன்று விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது” என்னும் குறிப்பும் உடன் வரும்.

முழுப் பகுதியையும் அமர்ந்து பார்ப்பவர் வேறொன்றைக் காண்பர். அண்டம் என்றென்றும் விரிந்துகொண்டே போகுமா, அன்றி விரிந்து பின் சுருங்கி மீண்டும் பிறக்குமா என்னும் வினாவை விடை தெரியாத ஒன்றாகவே சேகன் நம் முன் வைக்கின்றார். தொடரோடு வெளிவந்த அவருடைய நூலிலோ, இந்துக்களின் காலக் கணக்கு இக்கால வானியலின் கணக்கோடு ஒத்திருப்பது தற்செயலே என்பதில் ஐயமில்லை என்று வெளிப்படையாகவே குறித்துள்ளார். அதன்பின் 1998 ஆம் ஆண்டில், அண்டத்தின் விரிவு வேகம் குன்றாது கூடிக்கொண்டே போகின்றது என ஆய்வாளர் கண்டனர். அதற்கு 2011 ஆம் ஆண்டில் நோபல் பரிசும் கிடைத்தது. சுருங்கி மீளப் பிறக்கும் அண்டம் என்னும் கொள்கை அதனால் வலுவிழந்தது. அவ்விரிவின் காரணம் இன்றும் ஆராயப்படுகின்றது. நாளை வேறு விடை வரினும் வரலாம்.

இதனால் நம் சமயத்துக்குக் குறைவுண்டோ? இல்லை என்பதே எம் துணிபு. நடராசத் திருமேனியின் பொருளுக்குத் தொலைநோக்கியின் நற்சான்றுப் பத்திரம் வேண்டுவதில்லை. அப்பத்திரத்தை இன்று பெருமையோடு சட்டமிட்டுத் தொங்கவிடுபவன், நாளை விஞ்ஞானம் தன் கருத்தை மாற்றும்போது சுவரிலிருந்து எதனைக் கழற்றுவான்? நம்பிக்கையை நம்பிக்கையாகவும் ஆராய்ச்சியை ஆராய்ச்சியாகவும் மதித்தலே இரண்டுக்கும் செய்யும் மரியாதை.

மற்றை இடம் அலெக்சாந்திரியா நகரத்து நூலகம். முதற் பகுதியிலும் இறுதிப் பகுதியிலும் சேகன் அப்பழைய நூலகத்தினுள் நடந்து செல்வது போலக் காட்டப்படுகின்றது. அடுக்கடுக்காய் ஏட்டுச் சுருள்கள். பின்னர் ஹைபேசியா என்னும் பேரறிவுடைய அம்மையார் 415 ஆம் ஆண்டளவில் கொலையுண்டதும், நூலகத்தின் அழிவும் அடுத்தடுத்துச் சொல்லப்படுகின்றன. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடும் ஏட்டுச்சுவடிகளோடும் எரிந்ததை அறிந்தவர், அக்காட்சியை எவ்வாறு கலங்காது பார்ப்பர்?

ஆயின் அலெக்சாந்திரியா நூலகம் ஒரே நாளில் அழிந்தது அன்று என்பது இன்றைய வரலாற்றறிஞர் பலரின் கருத்து. அது பல நூற்றாண்டுகளாக ஆதரவின்றிப் படிப்படியாகத் தேய்ந்தது. ஹைபேசியாவின் காலத்தில் அப்பெரு நூலகம் இருந்தது என்பதற்கே தக்க சான்றில்லை. இவ்விடத்தில் எம் தோழரிடையே கடும் வாதம் மூண்டது. ரொறன்ரோ நண்பர், “வரலாற்றறிஞர் எதனையும் சொல்லட்டும். அந்த அடுக்குகளைக் கண்டபோது என் கண்ணில் நின்றது எங்கள் நூலகமே” என்றார். அவர் குரல் தழுதழுத்தது. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் கொழும்பு நண்பர் மெல்லச் சொன்னார்: “எங்கள் நூலகம் எரிந்ததற்குத் திகதி உண்டு, கணக்கு உண்டு, கண்டவர் உண்டு. அதனாலேதான், மற்றொரு நூலகத்தின் கதையிலும் திகதியையும் சான்றையும் நாங்கள் கேட்கவேண்டும். உறுதியில்லாத கதையோடு சேர்த்துச் சொன்னால், உறுதியான எங்கள் கதையையும் ஒருநாள் கதையென்று தள்ளிவிடுவார்கள்.”

அப்பேச்சு எம் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தேய்ந்து அழிந்த நூலகத்தின் கதையிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு என்பதும் அதன்பின்பே தோன்றியது. தீ வைத்தால் மட்டுமா நூலகம் அழியும்? திறப்பார் இன்றி, படிப்பார் இன்றி, பழுது பார்ப்பார் இன்றியும் அழியும். முன்னையதற்கு நாம் அழுகின்றோம். பின்னையதை நாம் காண்பதே இல்லை.

பழைய தொடர் ஒன்று இன்னொன்றுக்கு வழிகாட்டும். கொஸ்மொஸ் தொடரை இயக்கிய ஏட்ரியன் மலோன் என்பவரே, அதற்கு முன் 1973 ஆம் ஆண்டில் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘தி அசென்ற் ஒவ் மான்’ என்னும் தொடரையும் தயாரித்தவர் என அறிந்தோம். மனிதனின் ஏற்றம் என்பது அத்தலைப்பின் பொருள். அதுவும் பதின்மூன்று பகுதிகள் கொண்டது. அதுவரை அதன் பெயரையும் யாம் கேட்டதில்லை. அதனை நடத்தியவர் போலந்தில் பிறந்த கணித அறிஞர் ஜேக்கப் புரொனோவ்ஸ்கி. தொடர் வெளிவந்த மறு ஆண்டே அவர் காலமானார்.

அதன் பதினோராம் பகுதியின் முடிவைக் கண்டோர் மறவார். தம் உறவினர் பலர் மாண்ட ஒஸ்விச் வதைமுகாமின் குளக்கரைக்கு அவர் வருகின்றார். எரிக்கப்பட்டோரின் சாம்பல் கொட்டப்பட்ட குளம் அது. சப்பாத்தோடு நீரில் இறங்கி, குனிந்து சேற்றைக் கையில் அள்ளுகின்றார். தாமே முற்றிலும் அறிந்தவர் என்னும் இறுமாப்பே மனிதரை இந்நிலைக்குக் கொணர்ந்தது என்பது அவர் பேச்சின் சாரம். அங்கு மாண்டோர் நாற்பது இலட்சம் என அவர் கூறுகின்றார். அக்காலத்தில் வழங்கிய தொகை அது. பின்வந்த ஆராய்ச்சி அதனை ஏறக்குறைய 11 இலட்சம் எனத் திருத்தியது. அத்திருத்தத்தால் கொடுமை அணுவளவும் குறையவில்லை. அவர் சொன்ன உண்மையும் குறையவில்லை. எவ்வறிவும் திருத்தத்துக்குரியது என்பதைத்தானே அவர் அப்பகுதி முழுவதும் கற்பித்தார்!

இப்பொழுது எம் இளைய மாணவர்க்கு ஒரு சொல். பழைய தொடரைப் பார்க்கும்போது, தாளும் பேனாவும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் உலகம் எதனைப் புதிதாக அறிந்தது, எதனைத் திருத்தியது என்று குறியுங்கள். எந்த இடம் உங்களுக்கு மிகவும் இனிக்கின்றதோ, எந்த இடத்தில் கண் கலங்குகின்றதோ, அந்த இடத்தை இரண்டாம் முறை பாருங்கள். பிடிக்காதவற்றை ஆராய்வதற்கு எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. பிடித்தவற்றை ஆராய்வதற்கே கல்லூரி வேண்டும்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு மாலை, மண்டபத்தில் இத்தகைய தொடர் ஒன்றின் ஒரு பகுதியைக் காட்டுவது இன்று பெருஞ்செலவான காரியமன்று. காட்டி முடித்தபின் விஞ்ஞான ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் சமய ஆசிரியரும் ஒரே மேடையில் அமர்ந்து மாணவரின் வினாக்களுக்கு முகங்கொடுத்தால், அதுவே சிறந்த விழாவாகும். தெரியாதவற்றைத் தெரியாது என்று அவர்கள் சொல்லும் வேளையிலேதான் மாணவர் மிகுதியாகக் கற்பர். பழைய மாணவர் சங்கம் இதற்கு ஒரு திரையும் ஒளியெறி கருவியும் வாங்கித் தருமாயின், எம் பங்கை யாம் முதலில் அளிக்கச் சித்தமாயுள்ளோம்.