கடலைக் கொல்லையில் ஒரு காமாலை மருந்து

புதுக்கோட்டை மாவட்டத்தில், திருவரங்குளம் பக்கத்துச் செம்பராங்கல் மண்ணில் ஐப்பசி மழை விழுந்ததும், கடலை பிடுங்கிய கொல்லைகளில் கீழாநெல்லி தானாகக் கிளம்பிவிடுகிறது. கொல்லைக்காரருக்கு அது களை. குத்தவைத்து நகர்ந்து நகர்ந்து பிடுங்கும் பெண்களுக்கு அது மழைக்காலக் கூலி.

நான் போனபோது அவர்களில் மூத்தவர் ஒரு செடியைக் கவிழ்த்துக் காட்டினார். "இங்க பாருங்க தம்பி, இலைக்கு அடியில காய் வரிசையாத் தொங்கணும். காய் வழவழன்னு இருக்கணும். தண்டு பச்சையா இருக்கணும்."

"சிவப்பா இருந்தா, ஆத்தா?"

"அது செங்கீழாநெல்லி. காயத் தடவுனா சொரசொரங்கும். கலந்து போட்டாலும் யாவாரி எடுத்துக்குவாரு. நான் போட மாட்டேன்."

சந்தேகம் வந்தால் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்கிறார். கசக்க வேண்டும். களைக்கொல்லி அடித்த கொல்லையில் எவ்வளவு செழித்து நின்றாலும் இறங்குவதில்லை. வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, நிழலில் பரப்புகிறார்கள். வெயிலில் போட்டால் இலை நிறம் மாறி உதிரும். ஈரத்தோடு சாக்கில் அடைத்தால் பூஞ்சணம். பத்து கிலோ பச்சைச் செடி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். காசு அந்த ஒரு கிலோவுக்குத்தான்.

நம் ஊரில் இதை மோரில் அரைத்துக் காமாலைக்குக் கொடுப்பார்கள். இந்தச் செடியும் இதன் நெருங்கிய உறவும் அமேசான் மழைக்காட்டு நாடுகளிலும் வீட்டு மருந்துதான். பிரேசிலிலும் பெருவிலும் சிறுநீரகக் கல்லுக்குக் கஷாயமாகக் குடிக்கிறார்கள். சாவோ பாவ்லோ ஆய்வாளர்கள் அதைக் கல் நோயாளிகளிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நம் கீழாநெல்லியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததாகத்தான் தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள்.

கீழாநெல்லி உலகப் புகழ் பெற்றது 1988-இல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்கு 200 மில்லிகிராம் பொடி, நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போனது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. அதன்பின் தாய்லாந்து முதலிய இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்தவர்கள், உறுதியான சான்று இல்லை என்றே எழுதினார்கள். முடிவுகள் ஏன் முரண்பட்டன என்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, செடியும் அது வளர்ந்த மண்ணும் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பது.

அது ஒன்றே காரணம் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் ஆத்தா ஒதுக்கிப் போட்ட சிவப்புத் தண்டுகளைப் பார்த்தபோது அந்த விளக்கம் எனக்கு வெறும் சமாளிப்பாகத் தோன்றவில்லை. தென்னிந்திய மூலிகைக் கடைகள் 25-இல் வாங்கிய கீழாநெல்லியை மரபணு வரை சோதித்த ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது. கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு கடைகளில்தான் சரியான செடி பெரும்பான்மையாக இருந்தது. மற்றவற்றில் அதே குடும்பத்தின் ஐந்து வேறு இனங்கள்.

ஆய்வகம் கருவி வைத்துப் பிரிப்பதை இந்தப் பெண்கள் கொல்லையிலேயே கண்ணாலும் விரலாலும் நாக்காலும் பெருமளவு பிரித்துவிடுகிறார்கள். பாதை ஓரத்தில் கண்டதைப் பிடுங்கி அடைத்த சாக்குக்கும் இவர்கள் சாக்குக்கும் வியாபாரி ஒரே விலைதான் போடுகிறார். இது அநியாயம், மருந்துக்கும் கேடு. மதுரைப் பக்கம் பறிப்பவர்களையே பங்குதாரர்களாகச் சேர்த்து கிராம மூலிகை நிறுவனம் உருவானது. அது போன்ற ஏற்பாடு புதுக்கோட்டைக்கும் வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பித்தக்குழாயில் கல் அடைத்து வரும் காமாலையும் உண்டு. கீழாநெல்லியை நம்பி நாளைக் கடத்தினால் ஆபத்து. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. சித்த மருத்துவர் சொல்லிக் கீழாநெல்லி வாங்குவதாக இருந்தால் பொடியாக வாங்காதீர்கள். பொடியில் எந்தச் செடி என்று யாராலும் கண்ணால் சொல்ல முடியாது. வேரோடு காய்ந்த முழுச் செடியைக் கேட்டு, கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்.