அடங்கலும் ஒரு சாட்சி

மார்க்கையன்கோட்டையிலிருந்து பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண்கள் முதலில் சொல்வது, “அவருக்கு வருமானம்னு காட்ட எதுவும் இல்லீங்க சார்” என்பதுதான். உத்தமபாளையம் நீதிமன்றத்தில் எதிருரை வரும்போது அதிலும் இதையேதான் படிக்கிறோம்.

பிள்ளைக்கு இவ்வளவு என்று அட்டவணை எதுவும் நம் சட்டத்தில் இல்லை. சம்பளத்தில் கால்பங்கு என்பது, 2017இல் ஒரு மனைவியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல். அதைச் சம்பளச் சீட்டே இல்லாத சம்சாரியிடம் எப்படிப் பொருத்துவது?

அதனால் பிள்ளையின் செலவிலிருந்துதான் கணக்கெடுப்பேன். பள்ளிக் கட்டணம், வேன், நோட்டு, பால், மருந்து, வாடகையில் பிள்ளையின் பங்கு என்று ரசீதோடு எழுதச் சொல்வேன். பிறகு அப்பாவின் வருமானம். முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் இருபோகம் விளையும் வயல் யாருடையது என்று சிட்டா சொல்லும். என்ன பயிர் என்று அடங்கல் சொல்லும். குத்தகைக்கு உழுகிறவர் பெயர் சிட்டாவில் இருக்காது. அங்கே கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு வங்கிக் கணக்கில் ஏறிய பணம்தான் கைகொடுக்கும். 2020 நவம்பர் 4ஆம் தேதி வந்த ரஜ்னேஷ்–நேகா தீர்ப்புப்படி இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும்.

அம்மா ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பேறிப் போய் வாங்கும் கூலியையும் மறைக்கக் கூடாது. பத்மஜா சர்மா வழக்கில் (2000) ஒரு பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று வைத்து, வருமானத்தைப் பார்த்து 2:1 எனப் பங்கிட்டார்கள்: அப்பா 2,000, அம்மா 1,000. காய்ச்சலடிக்கும் பிள்ளையோடு விழித்திருந்து, மறுநாள் கூலியை இழக்கும் அம்மாவுக்கு இந்தப் பங்கீடு போதாது. அந்த இழப்பையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி வாதாடுகிறேன், அதுதான் நியாயம். ‘வேலையில்லை’ என்று அப்பா தப்பவும் முடியாது. உடல் வலு உள்ளவர் உழைத்தாவது தர வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் அஞ்சு கார்க் வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது.

பேசித் தீர்க்கலாம் என்று மனு போடாமலே வருடங்களைக் கழிக்கிறவர்களை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. ரஜ்னேஷ் தீர்ப்புப்படி தொகை மனு போட்ட தேதியிலிருந்துதான் கணக்காகும். உத்தரவு வந்தபின் தவணை நின்றால், அது நிலுவையான நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். பணம் தராதவர் சிறைக்குப் போய்வந்தாலும் பாக்கி அப்படியே நிற்கும். பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும். மனுவை முதலில் போட்டுவிடுங்கள்.