செண்பகத்தோப்பின் காட்டுக்கோழி

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் கோயிற் கோபுரமும் பால்கோவாவும் நினைவுக்கு வருவது இயல்பே. ஊருக்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள செண்பகத்தோப்பை அறிந்தவர்களோ விடியற்காலைக் கூவல் ஒன்றையும் சேர்த்தே நினைப்பர். நம் வீட்டுச் சேவல் நீட்டி முழக்கும்; புதருக்குள்ளிருந்து எழும் இக்குரலோ துண்டு துண்டாக நறுக்கினாற்போல் ஒலிக்கும். புனித இராயப்பரை அழவைத்த சேவலுக்கு இது தூரத்து உறவுதான். சாம்பல் காட்டுக்கோழி என்பது இதன் பெயர். இந்தியத் தீபகற்பத்தின் காடுகளே இதன் தாயகம்.

சேவலின் கரிய கழுத்திறகுகளில் மெழுகுத் துளி சொட்டி உறைந்தாற்போன்ற வெண்மஞ்சள் புள்ளிகளைக் காணலாம். அந்த அழகே அதற்குப் பகையாயிற்று. சால்மன் மீன் பிடிக்கும் ஆங்கிலேயர் தூண்டில் முள்ளை அலங்கரிக்க இவ்விறகுகளை விரும்பவே, அவை கப்பலேறின.

புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னரா, 1782-இல் வெளியிட்ட தம் பயண நூலில் இப்பறவையை விவரித்து, வீட்டுக்கோழியின் மூதாதை இதுவே என்றார். டார்வின் 1868-இல் அதை மறுத்து, சிவப்புக் காட்டுக்கோழிக்கே அப்பெருமையை அளித்தார். வழக்கு அத்துடன் முடிந்ததென்றே அறிஞர் எண்ணினர். 2008-இலோ சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், வீட்டுக்கோழியின் தோலுக்கு மஞ்சள் நிறம் தரும் மரபணு பெரும்பாலும் நம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்தே வந்திருக்க வேண்டுமெனக் கண்டனர். நம் கொல்லைப்புறத்து மஞ்சள் கால் கோழியிடம் இம்மலைப் பறவையின் சொத்தும் ஒரு பங்கு உண்டு!

இப்பறவையைக் காக்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் உள்ளது. இக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாயிற்று; 2021-இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. இவ்வளவு இருந்தும் கண்ணி வைப்போர் இல்லாமலில்லை. வாங்குவோர் இருக்கும்வரை வைப்போரும் இருப்பர் அல்லவா?

பெட்டைக்கோழி பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை, புதரடியில் தரையைச் சற்றே பறித்துச் சருகிட்டு, நான்கு முதல் ஏழு முட்டைகள் வரை இட்டு, ஏறத்தாழ மூன்று வாரம் அடைகாக்கும். நமது தவக்காலமும் பாஸ்குத் திருவிழாவும் வருவது சரியாக அம்மாதங்களில்தான். நாற்பது நாள் புலால் மறுத்தவர் வீட்டு விருந்திலே 'வேட்டைக் கறி' என்று பெருமையோடு பரிமாறப்படுவது, அநேகமாக முட்டைகளை விட்டு இரை தேட எழுந்த தாய்க்கோழியாகவே இருக்கும். மலையடிக் கிராமத்துக் குடும்பத் தலைவிகளே, அப்படியொரு கோழி உங்கள் வாசலுக்கு வந்தால் விலை கேளாமலே திருப்பியனுப்புங்கள். திருவிழாக் குழம்புக்குக் கொல்லையிலே கோழி இருக்கிறது.