கீழ்க்காய்நெல்லியும் ஒரு தமிழ் ஆய்வாளரும்

படுவான்கரையிலே செங்கமாரிக்கு மருந்து யாதெனச் சிறுபிள்ளையைக் கேட்டாலும் கீழ்க்காய்நெல்லி என்றே விடை வரும். இலைகளின் கீழே நிரையாகக் காய்கள் தொங்குவதால் ஏற்பட்ட பெயர் அது. மண்டூரில் மாரி மழையோடு வளவெங்கும் தானாக முளைக்கும் இச்செடியை வேரோடு பிடுங்கி, அரைத்துப் பாலிற் கலந்து கொடுப்பார் பரியாரியார். எண்ணெய் விலக்கிப் பத்தியங் காக்கவும் சொல்வார். இப்பச்சிலையை உலக ஆய்வரங்கிற்குக் கொண்டுசென்ற தமிழர் ஒருவரைப் பற்றியே எழுத விழைகிறேன். கலைப்பீட மாணவனுக்கு ஈரலைப் பற்றி என்ன பேச்சு என்போர் சற்றுப் பொறுத்தருள்க.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் நுண்ணுயிரியற் பேராசிரியராக விளங்கி, 2003 முதல் 2006 வரை அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்த எஸ். பி. தியாகராஜனே அவர். ஈரல் அழற்சி ‘பி’ வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் பரூக் புளும்பேர்க்கும் பங்குகொண்ட அவரது ஆய்வு, 1988இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளிவந்தது. வைரசைக் குருதியிற் சுமந்தோர்க்கு 30 நாள் கீழ்க்காய்நெல்லி மருந்து கொடுக்கப்பட்டது. மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் குருதியில் வைரசின் அடையாளப் புரதம் மறைந்தது. போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது.

இச்செய்தி கேட்டு நாம் பெருமிதங் கொள்வது இயல்பே. ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த பரிசோதனைகளில் அப்பயன் கிட்டவில்லை. செடியின் இனமும் விளைந்த நிலமும் பதப்படுத்திய முறையும் வேறு என விளக்கங்கள் கூறப்பட்டன. 2011இல் வெளியான கொக்ரேன் மீளாய்வோ, நாட்பட்ட ‘பி’ தொற்றுக்கு இச்செடி பயன்தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லையென முடித்தது.

அவ்வாறாயின் பரியாரியாரின் மருந்தினால் எத்தனையோ பேர் குணமடைந்தது எங்ஙனம்? செங்கமாரி தனி நோயன்று. பல நோய்களின் அறிகுறி. அசுத்த நீரால் வரும் ‘ஏ’ வகை அழற்சி, பெரும்பாலார்க்கு ஓய்வினாலேயே சில வாரங்களில் தணிந்துவிடும்; புகழ் பச்சிலைக்குப் போய்ச் சேரும். ‘பி’ வைரசோ கண்ணில் மஞ்சள் காட்டாமலே பல்லாண்டு உள்ளிருந்து ஈரலைச் சுருக்கவும் புற்றுநோயாக்கவும் வல்லது.

என் தாய்மாமன் ஒருவர் மத்திய கிழக்கு வேலைக்கெனக் குருதிப் பரிசோதனை செய்தபோதே, தாம் இவ்வைரசைச் சுமப்பதை அறிந்தார். பயணம் நின்றது, வாங்கிய கடன் நின்றபடி நின்றது. “உடம்பில ஒரு நோவும் இல்ல, மருமகன். கீழ்க்காய்நெல்லி குடிச்சா இது போயிருமா? நீ படிச்சவன், சொல்லு” என்றார். அவருக்குத் தேவைப்பட்டது பெருமிதமன்று, விடை. போகுமென்பதற்குச் சான்றில்லை, மாமா என்றேன். கிளினிக்கிற் காட்டி ஈரலைக் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டும், மாமியும் பிள்ளைகளும் குருதி சோதித்துத் தடுப்பூசி ஏற்ற வேண்டும் என்றும் கூறினேன். அவர் கிளினிக்கிற்குப் போகிறார், பச்சிலையையும் விடவில்லை. அதனை டொக்டரிடம் மறைக்கவேண்டாமென்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

தடுப்பூசியின் வலிமைக்குத் தாய்வானே சான்று. வைரசைச் சுமக்கும் தாய்மாரின் குழந்தைகளுக்கு 1984இலும், பின் 1986 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் அங்கு ஊசி ஏற்றப்பட்டது. 6 முதல் 14 வயது வரையான சிறுவரில் ஈரற் புற்றுநோய் இலட்சத்துக்கு 0.70இலிருந்து, 1990–1994 காலத்தில் 0.36 ஆகக் குறைந்தது. இலங்கையில் 2003 முதல் இவ்வூசி குழந்தைகளுக்கு ஏற்றப்படுகிறது. மாமாவின் தலைமுறைக்கு அது கிட்டவில்லை.

தியாகராஜனின் மருந்து வென்றதா தோற்றதா என்பதைவிட, அந்த 23 பேரே என் சிந்தையில் நிற்கின்றனர். பாட்டி வைத்தியத்தைப் பழிக்காமலும் வழிபடாமலும், அருகே போலி மருந்தை வைத்து ஒப்பிட்டுக் கேட்டாரே, அத்துணிவு அரிது. முன்னோர் அறிவியலைப் போற்றிக் கட்டுரை வரைவதில் நாம் வல்லவர். அவர்தம் மருந்தைச் சோதித்து, வந்த விடை கசந்தாலும் அதனை ஊருக்கு உரைப்பதும் அவர்க்குச் செய்யும் மரியாதையே என்பது என் துணிபு.